பிலிப்பிக்: யாரைத் திட்டிய பேச்சு?

ஆங்கில நாளேடுகளின் தலையங்கப் பக்கங்களில் அவ்வப்போது தலைகாட்டும் சொல் 'பிலிப்பிக்'. எதிர்க்கட்சித் தலைவர் அவையில் எழுந்து ஆளுங்கட்சியை ஒரு மணி நேரம் கிழித்துத் தொங்கவிட்டால், மறுநாள் அந்தப் பேச்சுக்கு இந்தப் பெயரைச் சூட்டுவார்கள். அகராதியைப் புரட்டினால், ஒருவரைக் குறிவைத்துக் கசப்போடு பொழியும் கண்டனப் பேச்சு என்று பொருள் போட்டிருக்கும். கூடவே பிறப்புக் குறிப்பு ஒன்று: மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு எதிராக ஏதென்ஸ் நகரத்து டெமாஸ்தனிஸ் ஆற்றிய உரைகளிலிருந்து வந்த சொல்.

அகராதியில் பிழையில்லை. ஆனால் அந்த உரைகளைப் படிக்காதவர் மனத்தில் அது ஒரு தவறான காட்சியை உண்டாக்கிவிடுகிறது. மேடையில் ஒருவர் கண் சிவக்க நின்று, எங்கோ வடக்கே இருக்கும் எதிரியை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். கீழே கூட்டம் ஆரவாரம் செய்கிறது. நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. அன்றைக்குத் திட்டு வாங்கியவர்கள் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

கி.மு. 351-ஆம் ஆண்டு. அக்ரோபோலிஸுக்கு மேற்கே பினிக்ஸ் என்றொரு பாறைக் குன்று. ஏதென்ஸின் மக்கள்சபை கூடும் இடம் அது. மக்கள் என்றால் அடிமைகள், பெண்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆகியோர் நீங்கலாக, குடியுரிமை பெற்ற ஆண்கள் மட்டும். சில முக்கிய முடிவுகளுக்கு 6000 பேராவது வாக்களித்தாக வேண்டும் என்று விதி இருந்தது. கட்டியக்காரன் எழுந்து, 'யார் பேச விரும்புகிறீர்கள்?' என்று கேட்பான். விருப்பமுள்ள குடிமகன் எவரும் மேடையேறலாம். அரசன் கிடையாது, அமைச்சரவை கிடையாது. வரி போடுவதும் கப்பல் கட்டுவதும் படை அனுப்புவதும் அந்தக் கூட்டம் கையுயர்த்துவதைப் பொறுத்தவை. ஆகவே அந்த ஊரில் ஆள்பவனை இடித்துரைக்க நினைத்தவன் கூட்டத்தைத்தான் இடித்துரைத்தாக வேண்டும்.

பிலிப் ஆட்சிக்கு வந்தது 359-இல். இரண்டே ஆண்டுகளில், ஏதென்ஸ் தனக்கென்று உரிமை கொண்டாடிய வடக்கத்தி ஊர்களான ஆம்ஃபிபோலிஸையும் பிட்னாவையும் பிடித்தார். 356-இல் பொடிடேயா போயிற்று. 354-இல் மெத்தோனே முற்றுகையில் ஒரு கண்ணை இழந்தார், ஊரை விடவில்லை. 352-இன் இறுதியில் திரேஸ் பகுதியில் ஹெரேயன் என்ற கோட்டையை அவர் முற்றுகையிட்டிருப்பதாகச் செய்தி வந்ததும் சபை பதறிப்போய், 40 போர்க்கப்பல்கள், 60 தாலந்து (வெள்ளியில் எண்ணும் பெரிய பண அலகு) சிறப்பு வரி என்று தீர்மானம் போட்டது. பின்னாலேயே வேறு செய்தி வந்தது. பிலிப்புக்கு உடம்பு சரியில்லையாம். இல்லை, செத்தே போய்விட்டாராம். தீர்மானம் கிடப்பில் போயிற்று. அடுத்த ஆண்டு கடைசியாகக் கிளம்பியவை ஆளேறாத 10 கப்பல்கள். கூடவே 5 தாலந்து வெள்ளி. இந்தக் கணக்கைப் பின்னொரு உரையில் சபைக்கு முன்னாலேயே நாள், மாதத்தோடு எடுத்துச் சொன்னவர் டெமாஸ்தனிஸ்.

கணக்கு அவருக்குச் சிறு வயதிலேயே வாய்த்த ஆயுதம். தந்தை வாள் செய்யும் பட்டறை வைத்திருந்த செல்வர்; மகனுக்கு ஏழு வயதாகும்போது இறந்துவிட்டார். ஏறத்தாழ 14 தாலந்து மதிப்புள்ள சொத்தைக் காப்பாளர் மூவர் தின்றுதீர்த்தார்கள். வயது வந்ததும் பையன் அவர்கள்மீது வழக்குப் போட்டான். அந்த உரை நமக்குக் கிடைத்திருக்கிறது. பட்டறையில் வாள் செய்யும் அடிமைகள் எத்தனை பேர், தலைக்கு என்ன விலை, ஆண்டு வருமானம் என்ன, கட்டில் செய்வோர் எத்தனை பேர், அவர்கள் எந்தக் கடனுக்கு ஈடாக வந்தவர்கள் என்று வரிவரியாக வாசிக்கிறது. வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசிப் பழகிய கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அது மெய்யோ பொய்யோ, எனக்கு இந்த வரவு செலவுக் கணக்குதான் அவரைப் புரிந்துகொள்ள உதவியது. இவருடைய வாதங்களில் விளக்குத்திரி வாடை அடிக்கிறது என்று பித்தியாஸ் என்ற பேச்சாளர் கேலி செய்தாராம். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதித் திருத்துபவர் என்று பொருள். நல்ல கேலிதான். ஆனால் இரவில் விழித்திருந்தவருக்குக் கூட்டல் தப்பவில்லை.

அப்படிப்பட்டவர், முப்பதைத் தாண்டிய வயதில், மூத்தவர்களுக்கு முன்னால் எழுந்து பேசுகிறார். தொடக்கமே ஒரு குத்தல். புதிய விஷயமாக இருந்தால் பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன். இது பலமுறை பேசிய விஷயம். அவர்கள் அப்போதே சரியான யோசனை சொல்லியிருந்தால் இன்றைக்கு நீங்கள் இதற்காக மறுபடி கூட வேண்டியிருக்காது.

வசையைத் தேடி முதல் பிலிப்பிக்கைத் திறப்பவருக்கு இதற்குப் பிறகு வருவது பெரிய ஏமாற்றம். பிலிப்பைப் பற்றிய கடுஞ்சொற்கள் இருக்கத்தான் செய்கின்றன. திமிர் பிடித்தவன், போதாது போதாது என்று பரபரப்பவன் என்ற அளவில். அதே மூச்சில், வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் தானே வந்து நிற்பவன் என்ற ஒப்புதலும் இருக்கிறது. சவுக்கடி முழுவதும் கூட்டத்துக்கு. அந்த உரையிலேயே புகழ்பெற்ற பகுதி இது. நான் படித்த மொழிபெயர்ப்புகளை வைத்து என் சொற்களில் தருகிறேன்:

"சந்தையில் சுற்றிவந்து ஒருவரை ஒருவர் 'ஏதாவது புதுச் செய்தி உண்டா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறீர்களா? ஒரு மாசிடோனியன் ஏதென்ஸை அடக்கிக் கிரேக்கர்களின் விவகாரங்களை நடத்துகிறான் என்பதைவிடப் புதுச் செய்தி வேறென்ன வேண்டும்? 'பிலிப் செத்துவிட்டானா?' 'இல்லை, படுத்திருக்கிறான்.' அதனால் உங்களுக்கு என்ன? அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், நீங்கள் காரியம் பார்க்கிற இந்த லட்சணத்துக்கு, சீக்கிரமே இன்னொரு பிலிப்பை உண்டாக்கிவிடுவீர்கள்."

எதிரியை உண்டாக்கியவர்கள் நீங்கள்தான் என்று சொந்த ஊர்க்காரர்களின் முகத்துக்கு நேரே சொல்கிறார். 2300 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வரிகள் சுடுகின்றன என்றால், அவை பிலிப்பைப் பற்றியவை அல்ல என்பதே காரணம்.

இன்னும் இருக்கிறது. ஆண்டுதோறும் படைத்தலைவர்கள் 10 பேர், குதிரைப்படைத் தலைவர்கள் 2 பேர், குலவாரி அதிகாரிகள் வேறு என்று தேர்ந்தெடுக்கிறீர்களே, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறார். ஒருவரைப் போருக்கு அனுப்புகிறீர்கள். மற்றவர்கள் திருவிழா ஊர்வலத்தில் நடக்கிறார்கள். களிமண் பொம்மை செய்பவர் சந்தைக்காகப் பொம்மை செய்வதுபோல நீங்கள் சந்தையில் காட்டுவதற்குத் தளபதிகளைச் செய்கிறீர்கள். பானதீனியா விழாவும் டயோனிசியா விழாவும் ஒரு நாள் தவறாமல் நடக்கின்றன. இந்த ஆண்டு எந்தக் குலத்துக்கு யார் பாடல்குழுச் செலவை ஏற்பது, யாரிடம் எப்போது என்ன வாங்குவது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. மெத்தோனேவுக்கும் பொடிடேயாவுக்கும் போன கப்பல்கள் மட்டும் எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேர்கின்றன.

பத்தாயிரம் கூலிப்படை, இருபதாயிரம் கூலிப்படை என்று என்னிடம் பேசாதீர்கள், அவை கடிதத்தில் மட்டும் இருக்கும் படைகள் என்கிறார். கடிதப் படை! அரசாங்கக் கோப்புகளோடு கொஞ்சமாவது பழகியவர் யாரும் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது.

பிறகு வரும் குத்துச்சண்டை உவமை. பழக்கமில்லாத அந்நியன் சண்டை போடும்போது அடிபட்ட இடத்தையே கையால் பொத்துவான். வேறிடத்தில் அடித்தால் கை அங்கே போகும். எதிரியின் முகத்தைப் பார்க்கவோ அடுத்த அடியைத் தடுக்கவோ அவனுக்குத் தோன்றாது. பிலிப் கெர்சனீஸில் இருக்கிறான் என்றால் அங்கே படை அனுப்பத் தீர்மானம்; தெர்மாப்பிலே என்றால் அங்கே. நீங்கள் அவன் பின்னால் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் படைக்குத் தளபதி அவன்தான். அந்நியர்களைக் காட்டுமிராண்டிகள் என்று இளக்காரமாக நினைத்த ஊரில், நீங்கள்தான் அப்படிச் சண்டை போடுகிறீர்கள் என்று சொல்வது எத்தனை பெரிய அவமானம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

உரையின் நடுப்பகுதி வெறும் பட்ஜெட். நிலையான சிறுபடை ஒன்று வேண்டும்: காலாட்கள் 2000 பேர், அதில் 500 பேராவது ஏதென்ஸ்காரர்கள், குதிரைவீரர்கள் 200 பேர், அதில் 50 பேர் உள்ளூர்க்காரர்கள், துணைக்கு வேகக் கப்பல்கள் 10. காலாளுக்கு மாதம் 10 திராக்மா படிக்காசு. ஆண்டுக்கு 40 தாலந்து. குதிரைவீரனுக்கு மாதம் 30 திராக்மா, 12 தாலந்து. கப்பலுக்கு மாதம் 20 மினா, 40 தாலந்து. ஆகமொத்தம் 92. ஒரு தாலந்துக்கு 6000 திராக்மா, ஒரு மினாவுக்கு 100 திராக்மா என்று வைத்துப் போட்டுப் பார்த்தால் கணக்கு அச்சுப் பிசகாமல் வருகிறது. ஒரே ஒரு இடத்தில் வழுக்குகிறார். 10 திராக்மா சாப்பாட்டுக்குத்தான் காணும். சம்பளத்தின் மிச்சத்தைப் படை போரிலேயே தேடிக்கொள்ளும் என்கிறார். கொள்ளையடித்துக்கொள்ளட்டும் என்பதற்கு நாசூக்கான பேச்சு. காற்றுகூட அவர் கணக்கிலிருந்து தப்பவில்லை. கோடையில் வடக்கிலிருந்து வீசும் பருவக்காற்றையும் குளிர்காலத்தையும் பார்த்துத்தான் பிலிப் தாக்குகிறான். அந்த நேரத்தில் இங்கிருந்து கப்பல் போக முடியாது. ஆகவே படையை லெம்னோஸ், தாசோஸ், ஸ்கியாதோஸ் தீவுகளில் குளிர்காலம் முழுவதும் நிறுத்துங்கள் என்கிறார்.

சபை அந்த 92 தாலந்தை ஒதுக்கவில்லை. மறுபக்கம், பிலிப் 356-இல் கிரெனிடெஸ் என்ற சுரங்க ஊரைப் பிடித்துத் தம் பெயரையே அதற்குச் சூட்டினார்: பிலிப்பி. அங்கிருந்த தங்கச் சுரங்கங்கள் ஆண்டுக்கு 1000 தாலந்துக்கு மேல் ஈட்டித் தந்தன என்று பழைய வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதுகிறார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 341-இல் ஆற்றிய மூன்றாம் பிலிப்பிக்கில்தான் இன்றைய அகராதிப் பொருளுக்கு நெருங்கிய வசை கிடைக்கிறது. பிலிப் கிரேக்கன் இல்லை, கிரேக்கர்களுக்கு உறவும் இல்லை, பேர்சொல்லத் தகுந்த அந்நிய நாட்டிலிருந்து வந்தவன்கூட இல்லை. உருப்படியான அடிமை ஒருவனைக்கூட விலைக்கு வாங்க முடியாத மாசிடோனியாவிலிருந்து வந்த பீடை என்கிறார். கொடுமையான வாக்கியம். ஆனால் பெரிய உரையில் அது சில வரிகள்தான். மற்றப் பக்கங்களில், போர் முறையே மாறிவிட்டது, முன்பு எதிரி கோடையில் நாலைந்து மாதம் வந்து வயலை அழித்துவிட்டுப் போவான், இவனுக்குக் கோடையும் குளிரும் ஒன்று என்று பாடம் நடத்துகிறார். லஞ்சம் வாங்குவது வெறுக்கத்தக்க குற்றமாக இருந்த காலம் போய், வாங்கியவனைப் பார்த்துப் பொறாமைப்படும் காலம் வந்துவிட்டது என்று மறுபடியும் சொந்தக்காரர்களுக்கே கொடுக்கிறார்.

இவருக்கு வசை வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வசைக்கலையில் டெமாஸ்தனிஸ் எவ்வளவு கீழே இறங்குவார் என்று பார்க்க 330-ஆம் ஆண்டு உரைக்குப் போக வேண்டும். உள்ளூர் எதிரி ஈஸ்கினிஸ் தொடுத்த வழக்கில் அவருக்கு எதிராகப் பேசியது அது. உன் அப்பன் பள்ளிக்கூட வாத்தியாரிடம் அடிமையாக இருந்தவன். உன் அம்மாவுக்கு ஊரார் வைத்த பெயர் பேய். நீ சிறுவனாக மை அரைத்தாய், பெஞ்சு துடைத்தாய், வகுப்பறை பெருக்கினாய். பிறகு மூன்றாந்தர நடிகனாகி, பார்வையாளர் எறிந்த அத்திப்பழத்தையும் திராட்சையையும் பொறுக்கிப் பிழைத்தாய். ஈஸ்கினிஸும் சளைத்தவர் அல்லர். டெமாஸ்தனிஸைத் தாய்வழியில் சிதியன் என்று ஏசியவர். அந்த வழக்கில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்காமல் அவர் ஊரைவிட்டே போனார். கசப்பான கண்டனப் பேச்சுக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் நியாயப்படி ஈஸ்கினிஸின் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். பட்ஜெட் வாசித்த உரையின் பெயர் வசைக்குப் போய்விட்டது.

பிலிப் என்ற பெயருக்குக் குதிரைப் பிரியன் என்று பொருள். 'பிலிப்பிக்' என்பதும் முதலில் 'பிலிப்பைப் பற்றிய' என்பதற்குமேல் ஒன்றுமில்லை. அதே நூற்றாண்டில் தியோபொம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் பிலிப்பின் காலத்தை 58 சுருள்களில் எழுதி 'பிலிப்பிக்கா' என்றே தலைப்பிட்டார். ஐரோப்பா இதுவரை இப்படி ஒரு மனிதரைப் பெற்றதில்லை என்றவரும் அவரே, பிலிப்பின் குடியையும் கூத்தையும் விலாவாரியாக எழுதியவரும் அவரே. ஏதென்ஸின் பேச்சுக்கலை ஆசிரியர் ஐசோகிராட்டிஸோ 346-இல், 90 வயதில், கிரேக்கர்களை ஒன்றுசேர்த்துப் பாரசீகத்தின்மீது படையெடுங்கள் என்று பிலிப்புக்கே ஒரு திறந்த மடல் எழுதினார். டெமாஸ்தனிஸ்தான் சரியாகக் கணித்தாரா, அல்லது தவிர்த்திருக்கக்கூடிய போருக்கு ஊரை இழுத்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அவருடைய வெளியுறவுக் கொள்கையில் அத்தனை நம்பிக்கை இல்லை. கேட்பவர் கோபப்படுவார் என்று தெரிந்தே பேசிய துணிவில் நம்பிக்கை இருக்கிறது.

கடைசியில் சபை கேட்டது. 339-இல் அவருடைய தீர்மானத்தின்படி மிச்சப் பணமெல்லாம் படை நிதிக்கு மாற்றப்பட்டது. பழைய பகையாளியான தீப்ஸுடன் கூட்டணியும் ஏற்பட்டது. 338-இல் கேரோனியாவில் இரண்டு படைகளும் சேர்ந்து தோற்றன. வென்ற இரவில் பிலிப் குடித்துவிட்டு, பிணங்களுக்கு நடுவே, 'பயானியா ஊர் டெமாஸ்தனிஸ் மகன் டெமாஸ்தனிஸ் முன்மொழிந்தது' என்ற தீர்மான வாசகத்தைத் தாளம் போட்டுப் பாடி ஆடினார் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். கிரேக்கத்தில் அந்த வரி தற்செயலாகச் செய்யுளின் சந்தத்தில் அமைந்துவிட்டதாம். எல்லா உரைகளுக்கும் சேர்த்து பிலிப் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். போதை தெளிந்த பிறகு, ஒரு நாளின் சிறு பொழுதில் தம் ஆட்சியையும் உயிரையும் பணயம் வைக்கச் செய்த அந்த நாவின் வலிமையை எண்ணி அவர் நடுங்கினார் என்பதும் புளூட்டார்க்கே சொல்வது.

சொல் வசைக்குப் போன இடம் ரோம்.

ரோமின் பெரும் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ இளைஞராக ஏதென்ஸிலும் ரோட்ஸிலும் படித்தவர். டெமாஸ்தனிஸ் அவருக்குக் குரு, போட்டியாளர், அளவுகோல் எல்லாம். கி.மு. 60-லேயே, ஏதென்ஸில் நெடுநாள் வாழ்ந்த நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: உங்கள் ஊர் டெமாஸ்தனிஸ் பிலிப்பிக் என்ற உரைகளில் ஒளிர்ந்தார், வழக்காடும் பேச்சை விட்டு அரசியல் பெரியவராகத் தோன்றினார், அதேபோல நானும் தூதரகராக இருந்தபோது பேசியவற்றைத் தொகுக்க வேண்டும். (ரோமின் ஆண்டுத் தலைமைப் பதவிக்கு வேறு சொல் கிடைக்காமல் தூதரகர் என்கிறேன், வெளிநாட்டுத் தூதரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தமக்கென்று ஒரு பிலிப் இல்லையே என்ற ஏக்கம் அந்த வரிகளில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

44-இல் அந்தக் குறை தீர்ந்தது. மார்ச் 15-இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற அதிகாரம் மார்க் ஆண்டனியின் கைக்குப் போனது. கிரேக்கத்துக்குக் கப்பலேறிய சிசரோ, தெற்கு இத்தாலிவரை போய்விட்டு மனம் மாறி ஆகஸ்ட் 31-இல் ரோம் திரும்பினார். மறுநாள் செனட் கூட்டத்துக்குப் போகவில்லை. பயணக் களைப்பு என்று சொல்லியனுப்பினார். ஆளை அனுப்பி அவர் வீட்டை இடிப்பேன் என்றார் ஆண்டனி. செப்டம்பர் 2-இல் சிசரோ வந்தார், ஆண்டனி வரவில்லை. அன்று பேசியது முதல் பிலிப்பிக். கண்ணியமான, ஏறக்குறைய சமாதானத் தொனியுள்ள உரை. ஆண்டனி பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டு 17 நாள் பண்ணைவீட்டில் பதில் தயாரித்து, 19-ஆம் தேதி செனட்டில் சிசரோ இல்லாத நேரத்தில் பொழிந்து தள்ளினார்.

அதற்கு எழுந்த மறுமொழிதான் இரண்டாம் பிலிப்பிக். உலகத்து வசை இலக்கியத்தில் அதற்கு நிகர் குறைவு. அது பேசப்படவே இல்லை. செனட்டில் நின்று அன்றே பதில் சொல்வதுபோல வீட்டில் உட்கார்ந்து எழுதியது. அக்டோபரில் அட்டிகஸுக்கு அனுப்பி, வெளியிடும் நேரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அட்டிகஸ் திருத்தம் சொல்ல வேண்டிய இடங்களில் சிவப்பு மெழுகு உருண்டைகளை ஒட்டுபவர். அவற்றை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன் என்று சிசரோ நவம்பரில் எழுதுகிறார். ஆண்டனிக்கு அஞ்சியதைவிட மெழுகு உருண்டைக்கு அதிகம் அஞ்சியிருப்பார் போலிருக்கிறது.

இந்த உரையில் பட்ஜெட் இல்லை, காற்று இல்லை, யோசனை இல்லை. ஆண்டனியின் பிள்ளைப் பருவ ஒழுக்கம், கடன், சூதாட்டம், நடிகை ஒருத்தியோடு ஊர் ஊராகச் சுற்றியது, சீசரிடம் தோற்ற தளபதி பாம்பேயின் வீட்டை ஏலத்தில் எடுத்து அதிலிருந்த திராட்சமதுவை நாள்கணக்கில் கரைத்தது, எல்லாம் வரிசைகட்டி வருகின்றன. உச்சம், வாந்தி. ஹிப்பியாஸ் என்பவர் வீட்டுக் கல்யாணத்தில் அளவில்லாமல் குடித்துவிட்டு மறுநாள் ரோம் மக்கள் முன்னிலையில், அரசு அலுவலின் நடுவே, தன் மடியிலும் மேடை முழுவதிலும் வாந்தியெடுத்தான் என்கிறார். அப்போது ஆண்டனி வகித்தது குதிரைப்படைத் தலைவர் பதவி. ஏப்பம் விட்டாலே மானம் போகும் பதவி என்று இடையில் ஒரு சொடுக்கு. மக்களிடம் குறையென்று எதுவும் இந்த உரையில் இல்லை. வாசிப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ரசிக்கலாம். தம்மை நோக்கி ஒரு கேள்வியும் வராது. டெமாஸ்தனிஸைப் படிக்கும்போது அந்த வசதி நமக்குக் கிடைப்பதில்லை.

பெயர் வந்த விதமும் ஒரு விளையாட்டு. 43 ஏப்ரலில் புரூட்டஸ், சீசரைக் குத்தியவர்களில் ஒருவரான அதே புரூட்டஸ், சிசரோவுக்கு எழுதுகிறார்: உங்கள் உரைகள் இரண்டைப் படித்தேன், ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருந்தீர்களே, அவற்றைப் பிலிப்பிக் என்றே அழைக்கலாம், எனக்குச் சம்மதம். நண்பர்களுக்குள் நடந்த இந்தக் கேலி நிலைத்துவிட்டது. புளூட்டார்க் எழுதிய காலத்திலும் அந்த உரைகளுக்கு அதுதான் பெயர். டெமாஸ்தனிஸின் வாயில் ஒரு மன்னரைப் பற்றியது என்று மட்டும் பொருள்பட்ட சொல், மாசிடோனியாவுக்கோ பிலிப்புக்கோ தொடர்பே இல்லாத ஒருவரின் வாந்தியோடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

நமக்குக் கிடைத்திருக்கும் சிசரோவின் பிலிப்பிக்குகள் 14. கடைசி உரை 43 ஏப்ரல் 21-இல். அதில் ஆண்டனியைத் தோற்கடித்ததற்காக 50 நாள் நன்றி வழிபாடு வேண்டும் என்று முன்மொழிகிறார். ஆண்டனிக்கு எதிராக அவர் தூக்கிவிட்ட, சீசரின் வளர்ப்பு மகனான 19 வயது ஆக்டேவியன் அந்த ஆண்டு முடிவதற்குள் ஆண்டனியோடேயே கைகோத்தார். கொல்லப்பட வேண்டியவர்கள் பட்டியலில் சிசரோவின் பெயர் ஏறியது. டிசம்பர் 7-இல் ஃபோர்மியே அருகே பல்லக்கில் போகும்போது பிடித்தார்கள். தலையையும், பிலிப்பிக்கை எழுதிய கைகளையும் வெட்டி, அவர் பேசிய மேடையிலேயே வைத்தார்கள். ஆண்டனியின் மனைவி ஃபுல்வியா அந்த நாக்கில் கொண்டையூசியைக் குத்தினார் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். பெயருக்குச் சம்மதம் சொன்ன புரூட்டஸ் அடுத்த ஆண்டு அக்டோபரில் போர்க்களத்தில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஊர் பிலிப்பி.

டெமாஸ்தனிஸின் முடிவும் நல்லதாக இல்லை. அலெக்சாண்டருக்குப் பின் ஏதென்ஸ் ஒருமுறை எழுந்து பார்த்துத் தோற்றது. 322-இல் கலோரியா தீவின் பொசைடன் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவரைப் பிடிக்க ஆர்க்கியாஸ் என்ற முன்னாள் நடிகர் வந்தார். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுதுகோலைக் கடித்தாராம். நஞ்சு அதில் இருந்தது. இருவரையும் கொன்றது அவர்களுடைய நாவன்மை என்று ரோமக் கவிஞர் ஜூவெனல் பத்தாம் அங்கதப் பாட்டில் சொல்கிறார். சிசரோ கவிதையும் எழுதினார், படுமோசமாக. தெய்விகமான இரண்டாம் பிலிப்பிக்கைவிட அந்த அசட்டுக் கவிதைகளே மேல், அதோடு நின்றிருந்தால் ஆண்டனியின் வாளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க வேண்டாம் என்கிறார் ஜூவெனல்.

இங்கிலாந்தில் 1570-இல் தாமஸ் வில்சன் டெமாஸ்தனிஸை மொழிபெயர்த்து முதலாம் எலிசபெத்தின் அமைச்சர் வில்லியம் செசிலுக்குப் படைத்தார். அப்போது இங்கிலாந்தை அச்சுறுத்திக்கொண்டிருந்த ஸ்பெயின் மன்னரின் பெயரும் இரண்டாம் பிலிப். படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அந்தப் பழைய உரைகள் ஒருமுறையேனும் டெமாஸ்தனிஸின் பொருளிலேயே, தூங்குகிற சொந்த ஊரை உலுக்கி எழுப்புவதற்கே, பயன்பட்டன என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

படித்துப் பார்க்க விரும்புவோருக்கு: முதல் பிலிப்பிக் சிறியது, ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அடுத்து நேராக மூன்றாவதற்குப் போங்கள். சிசரோவில் முதலாவதைப் படித்தால்தான் இரண்டாவதில் ஏறும் சூடு தெரியும். மிச்சம் பன்னிரண்டையும் விடாமல் படிக்க ரோம செனட் அரசியலில் தீராத பசி வேண்டும். எனக்கு ஏழெட்டோடு அடங்கிவிட்டது.